அடிமைகளின் அடிமை துயிலும் நகரம்

உலகப் படத்தை விரித்துத் தென் அமெரிக்காவின் வட விளிம்பில் விரலை ஓட்டினால், கொலம்பியா நாட்டின் கரீபியன் கடற்கரையில் கார்த்தஹேனா என்னும் நகரம் தென்படும். அதன் முழுப் பெயர் ‘கார்த்தஹேனா தெ இந்தியாஸ்’. அதாவது, ‘இந்தியாக்களின் கார்த்தஹேனா’. ஸ்பெயின் நாட்டில் இதே பெயருடைய துறைமுகம் முன்னரே இருந்தமையால், அதனின்று வேறுபடுத்த இவ்வடைமொழி சேர்ந்தது. இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட கொலம்பஸ் கண்ட புதிய நிலங்களையெல்லாம் ஸ்பானியர் ‘இந்தியாக்கள்’ என்றே அழைத்து வந்தனர். ஆக, நம் நாட்டை ஒருபோதும் கண்டிராத ஊர் ஒன்று, நம் நாட்டின் பெயரை நூற்றாண்டுகளாய்ச் சுமந்து நிற்கிறது.

பேத்ரோ தெ எரேதியா என்னும் ஸ்பானியத் தளபதி 1533-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் இந்நகரை நிறுவினார். அதற்கு முன் அங்கே ‘கலமரி’ என்ற பழங்குடி ஊர் இருந்தது. நகரின் முதற் செல்வம் வந்த வழி பெருமைக்குரியதன்று: உள்நாட்டுச் சேனு இன மக்கள் தம் முன்னோருடன் புதைத்து வைத்திருந்த பொன்னைக் கல்லறைகளைத் தோண்டி எடுத்தனர். இன்று நகரின் நடுவேயுள்ள பொன் அருங்காட்சியகத்தில், அம்மக்கள் மெல்லிய கம்பியாய் இழைத்துச் செய்த காதணிகளைக் காணலாம். நம்மூர்ப் பொற்கொல்லர் கண்டால் கையில் எடுத்துப் பார்க்கத் துடிப்பர்.

பொன்னும் வெள்ளியும் சேர்ந்த இடத்தைக் கடற்கொள்ளையர் விட்டுவைப்பார்களா? 1586-இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் டிரேக் நகரைக் கைப்பற்றி, பெரும் மீட்புப் பணம் பெற்ற பின்னரே வெளியேறினார். அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த புனித கத்தரினாள் பேராலயம் சேதமுற்றது. அதன் பின் தொடங்கிய மதில் வேலை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் நீடித்தது. பவளப் பாறைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அம்மதில்களின் பெரும் பகுதி இன்றும் நிற்கிறது. மாலை வெயில் தணிந்ததும் அதன்மேல் ஏறி நடந்து, கடலில் கதிரவன் அடைவதைக் காண்பதே இந்நகரில் யாவரும் விரும்பும் பொழுதுபோக்கு, அதற்குக் கட்டணமுமில்லை. மதிலுக்கு ஆன செலவைக் கேட்டு மலைத்த ஸ்பெயின் மன்னர், தம் அரண்மனைச் சன்னலருகே நின்று, “இவ்வளவு செலவழித்த மதில் இங்கிருந்தே தெரிய வேண்டுமே!” என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாராம். கதைதான், ஆயினும் கணக்கெழுதுவோர் அனைவருக்கும் புரியும் கதை. 1984-இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரின் துறைமுகத்தையும் கோட்டைகளையும் நினைவுச் சின்னங்களையும் உலகப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது.

மதிலின் பழைய வாயில் ஒன்றன்மேல் மஞ்சள் நிற மணிக்கூண்டு எழுந்துள்ளது. அதன் வழியே நுழைந்தால், ‘வண்டிகளின் சதுக்கம்’ என்று பெயர் பெற்ற முக்கோண வெளியை அடைகிறோம். ஒரு பக்கம் வளைவுகள் தாங்கிய நீண்ட தாழ்வாரம். அதற்கு ‘இனிப்புகளின் தாழ்வாரம்’ என்று பெயர். கண்ணாடிச் சாடிகளில் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறிய மிட்டாய், எள்ளுருண்டை, சர்க்கரை தூவிய புளியுருண்டை ஆகியவற்றை வைத்துக்கொண்டு பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள். பூமிப்பந்தின் மறுபுறம் சென்றும் தேங்காயும் புளியும் நம்மை வரவேற்பது வியப்பே. புளி கடல் கடந்து அங்கே சென்று வேரூன்றிய மரம்.

இனிப்பு வாங்கிய கையோடு இச்சதுக்கத்தை இன்னொரு முறை சுற்றிப் பார்க்க வேண்டும். ஏனெனில், மனிதரை விலை கூறிய சந்தை கூடியது இங்கேதான். ஸ்பானிய அமெரிக்காவில் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்க உரிமம் பெற்ற முதன்மைத் துறைமுகங்களுள் கார்த்தஹேனாவும் ஒன்று. அங்கோலா, கினி முதலிய கரைகளில் பிடிக்கப்பட்டோர், கப்பலின் அடித்தட்டில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, வாரக்கணக்கில் கதிரவனைக் காணாமல் வந்தார்கள். வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியோரை இறக்கி, குணப்படுத்தி, கொழுக்க வைத்து விற்றார்கள். பெரு நாட்டுச் சுரங்கங்களுக்கும் உள்நாட்டுப் பண்ணைகளுக்கும் அவர்கள் சென்றார்கள். இன்று அங்கே காலை இளவெயிலில் புறாக்கள் மேய்கின்றன. சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள்.

அவ்விடத்திலிருந்து சில நிமிட நடையில் ஓர் ஆலயம். நகரில் நாம் ஒன்றை மட்டுமே காணலாம் என்றால், இதையே காண வேண்டும். புனித பேதுரு கிளவேர் ஆலயமும், அதனை ஒட்டிய இயேசு சபை இல்லமும் அவை. ஆலயத்தின் பளிங்குப் பீடத்தின் கீழே கண்ணாடிப் பேழையில் அப்புனிதரின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ளன.

பேதுரு கிளவேர் 1580-இல் ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் வெர்து என்னும் சிற்றூரில் பிறந்தவர். இயேசு சபையில் சேர்ந்து மயோர்க்காத் தீவில் கற்றுவந்த காலத்தில், அக்கல்லூரியின் வாயிற்காவலராயிருந்த முதிய சகோதரர் அல்போன்ஸ் ரொட்ரிகஸ் அவருக்கு நண்பரானார். கதவு திறப்பதும் மூடுவதுமே தொழிலாயிருந்த அம்முதியவர்தாம், “இந்தியாக்களுக்குப் போ, அங்கே ஆன்மாக்கள் காத்திருக்கின்றன” என்ற எண்ணத்தை இளைஞரின் நெஞ்சில் விதைத்தவர். 1610-இல் கார்த்தஹேனாவை அடைந்த கிளவேர், உள்நாட்டில் படிப்பை முடித்துத் திரும்பி, 1616 மார்ச்சு 19-ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று, அந்நகரிலேயே குருப்பட்டம் பெற்றார். 1622-இல் இறுதி வார்த்தைப்பாடு அளித்த தாளில், தம் பெயருக்குக் கீழே, ‘கறுப்பின மக்களுக்கு என்றென்றும் அடிமை’ என்னும் பொருள்பட இலத்தீனில் கையொப்பமிட்டார்.

அச்சொல்லை அவர் எழுத்தோடு விட்டுவிடவில்லை. கப்பல் வருகிறது என்ற செய்தி கிடைத்ததும் படகேறி விரைவார். கையில் இருப்பவை: ரொட்டி, எலுமிச்சை, புகையிலை, சிறிது மதுபானம், புண்ணுக்கு இட மருந்து. உபதேசம் அப்புறம், முதலில் பசிக்கும் நோய்க்கும் வேண்டியவை. அடித்தட்டின் நாற்றத்தைத் தாங்கமாட்டாமல் உடன் வந்தோர் பின்வாங்கிய இடத்தில் அவர் இறங்கினார். நோயாளிகளின் உடலைத் துடைத்தார். தம் மேலங்கியைக் கழற்றி, போர்வையாகவும் தலையணையாகவும் திரையாகவும் பயன்படுத்தினார். நாள்தோறும் பலமுறை அந்த அங்கியைத் துவைக்க வேண்டியிருந்தது. பின்னர் படங்களைக் காட்டி மறையுண்மைகளைக் கற்பித்து, விரும்பியோர்க்குத் திருமுழுக்கு அளித்தார். பெயர் மறவாதிருக்கப் பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, கழுத்தில் ஒரு பதக்கமும் அணிவித்தார். அவர் திருமுழுக்கு அளித்தோர் 3,00,000 பேர் என்பது மரபுவழிச் செய்தி.

விற்கப்பட்டோரை அவர் மறந்துவிடவுமில்லை. ஆண்டுதோறும் பண்ணைகளுக்குச் சென்று அவர்களைக் கண்டார். முதலாளி மாளிகையில் விருந்து காத்திருக்க, அடிமைகளின் குடிசையிலேயே தங்கினார். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர்களுக்கே முதலிடம். பட்டாடைச் சீமாட்டிகள் காத்திருக்கத்தான் வேண்டும். இதனால் முறுமுறுத்தோர் பலர். அவர் ஆலயத்தைத் தாழ்த்துகிறார் என்று குற்றம் சாட்டியவரும் உண்டு.

ஆப்பிரிக்காவின் பல மொழிகள் பேசும் மக்களிடம் அவர் எப்படி உரையாடினார்? இங்கே ஒரு சங்கடமான உண்மையை நாம் மறைக்கலாகாது. அவருடைய மொழிபெயர்ப்பாளர்களும் அடிமைகளே. இயேசு சபைக் கல்லூரியே அவர்களை விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தது. பல மொழிகள் அறிந்த ஒருவருக்கு, அக்காலத்து அகராதி ஆசிரியர் ஒருவரின் பெயரால் ‘கலெப்பீனோ’ என்ற பட்டப்பெயரே வழங்கியது. அங்கோலா நாட்டவரான அந்திரேஸ் சகபூச்சே என்பவர், கிளவேர் மறைந்த சில ஆண்டுகளுக்குள் நடந்த புனிதர் பட்ட விசாரணையில் ஆணையிட்டுச் சான்று பகர்ந்தார். கப்பலின் அடித்தட்டில் நடந்தவற்றை உலகம் இன்று இவ்வளவு நுணுக்கமாக அறிந்திருப்பது இத்தகைய அடிமைகளின் வாய்மொழியால்தான். புனிதரின் பெயரோடு இவர்கள் பெயரையும் சேர்த்தே நாம் நினைக்க வேண்டும்.

அப்படியானால், அடிமை முறையையே எதிர்த்து அவர் ஏன் குரல் எழுப்பவில்லை? வாசகர் உள்ளத்தில் இக்கேள்வி எழுவது இயல்பு. அவர் காலத்தில் அம்முறையைக் கடவுள் வகுத்ததுபோல் ஏற்றுக்கொண்டோரே மிகுதி. ஆயினும் அனைவரும் அல்லர். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள், பிரான்சிஸ்கோ தெ ஹாக்கா, எப்பிபானியோ தெ முவாரான் என்னும் இரு கப்புச்சின் துறவியர், ஹவானா நகரில், அடிமைகளை விடுவிப்பதோடு அவர்களுக்குக் கூலிப் பாக்கியும் கொடுக்க வேண்டும் என்று பிரசங்கித்தார்கள். அதற்காகச் சிறைப்பட்டார்கள். கிளவேர் சட்டத்தை எதிர்த்து வாதிடவில்லை. சட்டம் சரக்கு என்று சொன்னவரை மனிதர் என்று தொட்டார். இரண்டில் எது பெரிது என்று தீர்ப்பளிக்க நாம் முன்வரவில்லை. இரண்டும் தேவைப்பட்டன, ஒன்றுதான் அவருக்குத் தோன்றிற்று.

தமிழகத்தின் தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியும் கிளவேரும் ஏறத்தாழ ஒரே வயதினர், ஒரே சபையினர். கிளவேர் 1654-இல் கார்த்தஹேனாவில் மறைந்தார். நொபிலி 1656-இல் மயிலாப்பூரில் மறைந்தார். ஒருவர் மதுரையில் அறிஞரோடு அமர்ந்து தமிழும் வடமொழியும் கற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மற்றவர் கப்பலின் அடித்தட்டில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

ஆலயத்தை ஒட்டிய இல்லத்தில் மரங்கள் நிழல் பரப்பும் முற்றம், கிணறு, படிக்கட்டு, மேலே அவர் மறைந்த சிறிய அறை ஆகியவற்றைக் காணலாம். கப்பல்களை அவர் நோக்கியிருந்ததாகக் கூறப்படும் சன்னலும் உண்டு. கொள்ளைநோயில் விழுந்து நலிந்த பின், இறுதி நான்கு ஆண்டுகள் அவ்வறையில் ஏறத்தாழ மறக்கப்பட்டவராய்க் கிடந்தார். பணிவிடைக்கு அமர்த்தப்பட்டவன் பல வேளை சோற்றையும் சரியாகக் கொடுப்பதில்லை. அவர் சாகக் கிடக்கிறார் என்ற செய்தி பரவியதும், நகரமே திரண்டு வந்து அறையிலிருந்த பொருட்களைத் திருப்பண்டமாக எடுத்துச் சென்றது! திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1888 சனவரியில் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அதே நாளில் பட்டம் பெற்றவர், வாயிற்காவலர் அல்போன்ஸ் ரொட்ரிகஸ். அவ்வாண்டு மே மாதம் அதே திருத்தந்தை, பிரேசில் நாட்டு ஆயர்களுக்கு அடிமை முறையைக் கண்டித்துச் சுற்றுமடல் விடுத்தார். கொலம்பியா 1851-இலேயே அம்முறையைச் சட்டத்தால் ஒழித்திருந்தது. புனிதரின் திருநாளான செப்டம்பர் 9 இன்று அந்நாட்டில் மனித உரிமை நாளாகவும் கொள்ளப்படுகிறது.

2017 செப்டம்பர் 10-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் இக்கல்லறை முன் செபிக்க வந்தார். வரும் வழியில், ஏழைகள் வாழும் பகுதியில், வாகனம் திடீரென நின்றதால் முகம் மோதிக் காயமுற்றது. கண் வீங்கி, வெள்ளை அங்கியில் இரத்தத் துளிகள் தெறித்தன. புருவத்தில் சிறு கட்டுடன் அவர் பயணத்தைத் தொடர்ந்து, கிளவேர் ஆலயத்தின் முன் திரண்ட மக்களோடு மூவேளைச் செபம் சொன்னார்.

இங்கிருந்து இரு தெரு தள்ளிப் பொலிவார் பூங்கா. ஒரு பக்கம் பேராலயம், அதன் எதிரே அழகிய கல்வாயிலும் மரப் பலகணிகளும் கொண்ட மாளிகை. அதுவே சமய விசாரணை மன்றத்தின் இருப்பிடம். 1610-இல், அதாவது கிளவேர் வந்திறங்கிய அதே ஆண்டில், அம்மன்றம் இங்கே தொடங்கிற்று. இன்றுள்ள கட்டடம் 18-ஆம் நூற்றாண்டினது. பக்கச் சுவரில் சிலுவை பொறித்த சிறு சன்னல் ஒன்று உண்டு. அயலார் மேல் குற்றம் சொல்ல விரும்புவோர், தம் பெயர் வெளிப்படாதபடி அதன் வழியே புகார் கூறுவார்கள். தப்பறை, சூனியம், இரகசிய யூத வழிபாடு என்றெல்லாம் சொல்லிப் பலர் பிடிபட்டனர். இப்போது அது நகர வரலாற்று அருங்காட்சியகம். கத்தோலிக்கர் இக்கட்டடத்தை ஒதுக்கிவிட்டு ஆலயத்தை மட்டும் பார்த்துத் திரும்புவது நேர்மையாகாது. ஒரே திருச்சபை, ஒரே நூற்றாண்டு, ஐந்து நிமிட நடை. குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர், அவர்கள் கேள்வி கேட்டால் நிதானமாய்ப் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும்.

கோட்டை விரும்புவோர்க்கு மதிலுக்கு வெளியே, குன்றின்மேல், சான் பெலிப்பே கோட்டை உண்டு. அக்குன்றின் பெயர் புனித லாசர் குன்று. அப்பகுதியில் இருந்த தொழுநோயாளர் விடுதிக்குத்தான் கிளவேர் ஓய்ந்த நேரமெல்லாம் சென்று வந்தார். 1741-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் வெர்னன் ஏறத்தாழ 180 கப்பல்களோடு வந்து நகரை முற்றுகையிட்டார். எதிர்த்து நின்றவர் பிளாஸ் தெ லேசோ: ஒரு கால் இல்லை, ஒரு கண் தெரியாது, ஒரு கை பயனற்றது. வெற்றி உறுதியென்று இங்கிலாந்தில் பதக்கங்கள் கூட வார்த்தாயிற்று. ஆனால் கோட்டை வீழவில்லை. மஞ்சள் காய்ச்சல் ஆங்கிலேயரை ஆயிரக்கணக்கில் வீழ்த்திற்று. அவ்வாண்டே லேசோவும் மறைந்தார். கோட்டையின் அடியில் சுரங்கப் பாதைகள் உள்ளன. ஒரு முனையில் எழும் காலடி ஓசை மறுமுனையில் கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள். சிறுவர்கள் அங்கிருந்து எளிதில் வெளியே வரமாட்டார்கள். வெயில் கொடியது, காலையிலேயே ஏறிவிடுவது நலம், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.

பழைய நகரை அடுத்த பகுதிக்குக் கெத்சமனி என்று பெயர். கைவினைஞரும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் வாழ்ந்த அத்தெருக்களிலிருந்துதான் 1811 நவம்பர் 11-ஆம் நாள் பேத்ரோ ரொமேரோ என்னும் கைவினைஞரின் தலைமையில் மக்கள் திரண்டு, ஸ்பெயினிடமிருந்து முழு விடுதலையை அறிவிக்கச் செய்தார்கள். நான்கு ஆண்டுகளுக்குப் பின் ஸ்பானியப் படை நகரை நூறு நாட்களுக்கு மேல் முற்றுகையிட்டபோது, ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். ‘வீர நகரம்’ என்ற பட்டம் அவ்வாறு வந்தது. மாலையில் மூவொரு கடவுள் ஆலயத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் ஊரார் அமர்ந்து பேசுவார்கள், பிள்ளைகள் பந்தாடுவார்கள். ஆனால் வீட்டு வாடகை ஏறிக்கொண்டே போவதால், பழைய குடும்பங்கள் பல வெளியேறி, வீடுகள் விடுதிகளாகின்றன. அழகான ஊர்களுக்கு நேரும் துன்பம் இது.

நகரின் மிக உயர்ந்த இடம் போப்பா குன்று. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தினார் சபைத் துறவியர் அங்கே மடம் அமைத்து, மெழுகுதிரி மாதாவின் சுரூபத்தை நிறுவினர். மெழுகுதிரி மந்திரிக்கும் நாளான பெப்ரவரி 2-ஆம் நாளன்று அம்மாதாவுக்குத் திருவிழா. அதற்கு முந்தைய நாட்களில், விடியுமுன்னரே மக்கள் கூட்டம் கூட்டமாய்க் குன்றேறுகிறார்கள். 1986-இல் கார்த்தஹேனா வந்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அம்மாதாவுக்கு முடிசூட்டினார். மடத்து முற்றத்தில் பூங்கொடிகள் தொங்குகின்றன; மேலிருந்து நோக்கினால் மதிலுக்குள் சிவந்த ஓட்டுக் கூரைகளும், கடலோரத்து உயர்ந்த விடுதிகளும், அவற்றுக்குப் பின்னே விரிந்து கிடக்கும் தகரக் கூரைக் குடிசைகளும் ஒரே பார்வையில் படும். குன்றுக்கு வாகனத்தில் ஏறிச் செல்வதே பாதுகாப்பு.

கடலில் இறங்க விரும்புவோர் படகேறிச் சென்றால், பவளப் பாறைகள் சூழ்ந்த ‘ஜெபமாலைத் தீவுகள்’ உண்டு. 1977 முதல் அவை தேசியப் பூங்கா. வழியில் துறைமுக வாயிலைக் காத்து நின்ற பழைய கோட்டையையும் காணலாம்.

நகரத் தெருக்களில் வண்ண வண்ணப் பாவாடை அணிந்து, தலையில் பழக் கிண்ணம் தாங்கி வரும் கறுப்பினப் பெண்களை எல்லாரும் படமெடுக்கிறார்கள். அவர்கள் அதற்குப் பணம் கேட்பார்கள்; கேட்பது நியாயமே. அவர்களுள் பலருக்கும் ஊர், தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சான் பசிலியோ தெ பலெங்கே. கார்த்தஹேனாவிலிருந்து தப்பிய அடிமைகள், காட்டுக்குள் மரவேலி கட்டி அமைத்துக்கொண்ட ஊர்களில் எஞ்சி நிற்பது அது. அவர்களின் தலைவர் பெங்கோஸ் பியோஹோவை, உடன்படிக்கை செய்த பின்னும், 1621-இல் கார்த்தஹேனாவில் கொன்றார்கள். ஆனாலும் ஊர் பணியவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தஹேனா ஆயர் நடுநின்று சமாதானம் செய்துவைத்தார். அம்மக்களின் விடுதலை ஏற்றுக்கொள்ளப்பட்டது. புனித பசிலியார் அவர்களின் பாதுகாவலரானார்.

அங்கே இன்றும் ஸ்பானியமும் ஆப்பிரிக்க மொழிகளும் கலந்த தனிமொழி பேசப்படுகிறது. யாராவது இறந்தால் ஒன்பது இரவுகள் பறை முழங்க, முதிய பெண்கள் ஒப்பாரி வைத்துப் பாடுகிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ அவ்வூரின் பண்பாட்டை மனித குலத்தின் செல்வமாகப் போற்றியது. விற்ற பழம் போக எஞ்சியதைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அப்பெண்கள் மாலைப் பேருந்தில் அவ்வூர் திரும்புகிறார்கள்.